படத்தின் முதுகில் எழுதாத பெயர்

(காயல்பட்டினத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் புகைப்படக்காரர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மஃரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இஷாவுக்குப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிடுகிறேன் என்று கூட்டம் நடத்துகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கவிஞர்களையும் அவர்களுக்காக நடக்கும் நினைவு விழாக்களையும் படம் எடுத்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் நான் இன்றைக்குக் காயலுக்கு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த உறைக்குள் ஒரு படம் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக என்னிடம் இருக்கும் படம். அதில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் உங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. கதையைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுகிறேன்.

1975இல் கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 17. டார்க்ரூமில் தண்ணீர் மாற்றுவது, ஹைப்போ கரைப்பது, பிரிண்டைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பது எல்லாம் என் வேலை. கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, சாவு, இந்த நாலுக்கும்தான் எங்கள் வட்டாரத்தில் கேமராவைக் கூப்பிடுவார்கள். ஐந்தாவதாக ஒன்று வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை, செப்டம்பர் 11, டிசம்பர் 11. எட்டயபுரத்தில் பாரதி விழா. இறந்த நாளுக்கு ஒன்று, பிறந்த நாளுக்கு ஒன்று. கோவில்பட்டியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். முதலாளி போகாத வருஷங்களில் என்னை அனுப்புவார்.

1982 டிசம்பர், பாரதி பிறந்த நூறாவது ஆண்டு. கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு டிசம்பர் மாதத்தின் சகதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் நடக்க முடியும். கழுத்தில் இரட்டைக் கண் யாஷிகா, பையில் ஒரே ஒரு ஓர்வோ சுருள். அந்தச் சுருளில் பன்னிரண்டு படம்தான் எடுக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கறுப்புக் கோட்டும் வெள்ளை முண்டாசும் போட்டு, கண்மையால் மீசை வரைந்து வரிசையாக நின்றார்கள். மழைத் தூறலில் மீசைகள் கரைந்து கன்னத்தில் வழிந்தன. அதை நான் எடுக்கவில்லை. மேடையை எடுத்தேன். மாலை போடுவதை எடுத்தேன். பொன்னாடை போர்த்துவதை எடுத்தேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் வாய் திறந்து நிற்பவர்களை எடுத்தேன். பதினொரு படம் அதிலேயே போய்விட்டது. ஸ்டூடியோவுக்குக் காசு தருகிறவர்கள் மேடையில் இருந்தார்கள், அதனால் கேமராவும் மேடையைப் பார்த்தது.

பன்னிரண்டாவது படம் எடுத்தபோது நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வழியில் உமறுப் புலவரின் அடக்கத்தலம். அதன் படியில் மூன்று பேர் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சோறு சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பெரியவர் ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவர், என் வயதில் ஒருவர். பெரியவர் மடியில் துணியில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம். விழாவில் அவர்களை முன்வரிசைக்குப் பின்னால் பார்த்த ஞாபகம். நின்று கேட்டேன்.

"பாரதி விழாவுக்கா வந்தீங்க?"

"காயல்ல இருந்து வாறோம் தம்பி. ரெண்டு புலவர்மாரையும் பார்த்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்றார் பெரியவர்.

ஒரே ஊரில் இரண்டு புலவர்கள். ஒருவருக்கு ஊரே விழா எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொருவரைப் பார்க்க அன்றைக்கு வந்தவர்கள் என் கண்ணுக்குப் பட்ட வரையில் இந்த மூவர்தான். பெரியவரிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு புத்தகத்தைத் துணியிலிருந்து எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார். உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம். எடுத்தேன். என் வயதுக்காரர் ஒரு காப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டு, விழா நோட்டீஸின் ஓரத்தைக் கிழித்து மூன்று பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்தேன். கோவில்பட்டிக்கு வந்த அலுப்பில் அந்தச் சட்டையை அப்படியே துவைக்கப் போட்டுவிட்டேன். மறுநாள் பையிலிருந்து வெளுத்த காகித உருண்டை ஒன்று வந்தது. படம் நன்றாக வந்திருந்தது. அனுப்ப முகவரி இல்லை.

அந்த நாளிலிருந்து என் தொழிலைப் பற்றி நான் யோசித்த எல்லாமே அந்தக் காகித உருண்டையிலிருந்து தொடங்கியவை.

பாரதியைப் பற்றிச் சொல்கிறேன். நமக்குக் கிடைத்திருக்கும் பாரதியின் புகைப்படங்கள் ஐந்து என்பார்கள். புதுச்சேரியில் எடுத்தவை உண்டு, காரைக்குடியில் கையில் தடியோடு எடுத்தது உண்டு, சென்னையில் எடுத்தது உண்டு. அவ்வளவுதான். காலண்டரிலும் பாடப் புத்தகத்திலும் நாம் அதிகம் பார்த்துப் பழகிய அந்த முகம் ஓவியர் ஆர்யா தீட்டியது. படத்தின் வலிமை தெரியாதவரா பாரதி? 'இந்தியா' பத்திரிகையில் 1906லேயே கேலிச்சித்திரம் போட்டவர். சித்திரங்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கத் திட்டம் போட்டவர். அப்படிப்பட்ட மனிதருக்கு 39 வயது நிறையாத வாழ்க்கையில் ஐந்து படம். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார். சுடுகாட்டுக்குக் கூடப் போனவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அங்கே கேமரா எதுவும் இல்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து, 1947 அக்டோபரில், எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். கல்கி தம் பத்திரிகையில் எழுதி எழுதி ஊர் ஊராக நிதி திரட்டினார். 1945இல் அடிக்கல் நாட்டிய ராஜாஜியே, அப்போது மேற்கு வங்காளத்து கவர்னராக இருந்தவர், வந்து திறந்துவைத்தார். அந்தச் சின்ன ஊர் தாங்காத கூட்டம். பாரதி உயிரோடு இருந்தபோது காது கொடுக்காத நாடு, அவர் போன பிறகு அந்த மண்ணுக்கு நடந்து வந்தது. விழாப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் மேடையைப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவராவது திருவல்லிக்கேணி சுடுகாட்டுக்குப் போன அந்தச் சிலரில் ஒருவராக இருப்பாரா என்று தேடுவேன். இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. எவர் முகத்துக்கும் கீழே பெயர் இல்லை.

ரா.அ. பத்மநாபன் என்ற பத்திரிகையாளரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 1957இல் 'சித்திர பாரதி' என்று ஒரு புத்தகம் போட்டார். பாரதி வாழ்க்கையைப் படங்களாலும் ஆவணங்களாலும் சொல்கிற புத்தகம். பாரதியின் படத்தை மட்டும் அவர் தேடவில்லை. பாரதியைச் சுற்றி இருந்தவர்கள், இருந்த வீடுகள், தெருக்கள் என்று தேடிப் போனார். அவர் போன காலத்தில் பாரதியைக் கண்ணால் கண்டவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். பத்து வருஷம் தாமதித்திருந்தால் பாதிப் பேரைக் கேட்டிருக்க முடியாது. புகைப்படக்காரனாக நான் தலைவணங்குகிற மனிதர் அவர்.

எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் நான் அதிகம் பார்த்த படம் அதுதான், கண்ணை மூடிக்கொண்டு. 1918 டிசம்பரில் சிறையிலிருந்து விடுதலையாகி, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து தங்கினார் பாரதி. பக்கத்தில் பொட்டல்புதூர். முகைதீன் ஆண்டவர் தர்காவும் கந்தூரியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரை முழுக்க எல்லா சாதிக்காரர்களும் நேர்ச்சை கொண்டுபோகிற இடம். 1920 ஜூனில் பாரதி அங்கே முஸ்லிம்கள் கூடிய கூட்டத்தில் இஸ்லாம் மார்க்கத்தின் மகிமையைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு எழுத்தில் இருக்கிறது, நீங்கள் படிக்கலாம். படம் இல்லை.

நான் பொட்டல்புதூருக்கு ஆறேழு தடவை போயிருக்கிறேன், அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்திருக்கலாம் என்று பார்க்க. ஜூன் மாதம் சாரல் காலம். மேற்கே மலை மேகத்துக்குள் இருக்கும். வெளிச்சம் கம்மி. அந்தக் காலத்துத் தகட்டில் ஆள் அசையாமல் நின்றால்தான் முகம் விழும். பாரதி அசையாமல் நிற்பவரா? ஆகவே பேசுகிறவர் கலங்கலாகத்தான் வந்திருப்பார். உட்கார்ந்து கேட்பவர்கள் அசைய மாட்டார்கள். அவர்கள் தெளிவாக வந்திருப்பார்கள். தொப்பியும் தலைப்பாகையும் வெற்றுத் தலையுமாக, கன்னத்தில் கை வைத்தபடி, மடியில் குழந்தையை இருத்தியபடி. நடுவில் ஒரு கலங்கல், சுற்றிலும் கேட்கிற முகங்கள். கவிஞரைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் அதுதான் சரியான படம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பல பத்தாண்டு கழித்து அங்கே நின்று கற்பனை செய்ததால் எனக்குக் கிடைத்த பாடம் அது. அதற்குப் பிறகு எந்த நினைவு விழாவுக்குப் போனாலும் மேடைக்கு இரண்டு படம், மீதியெல்லாம் கூட்டத்துக்கு என்று வைத்துக்கொண்டேன். பேச்சாளருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர் பார்ப்பதை நான் எடுப்பேன்.

இப்போது கடல் தாண்டி ஒரு இடத்துக்குப் போவோம். அமெரிக்காவில் 1950களில் பீட் கவிஞர்கள் என்று ஒரு கூட்டம் உருவானது. ஆலன் கின்ஸ்பெர்க், ஜாக் கெரொவாக், கிரிகோரி கோர்சோ, கேரி ஸ்னைடர் என்று பலர். வீடு, வேலை, சேமிப்பு என்ற சட்டத்துக்குள் அடங்காமல் ஊர் சுற்றியவர்கள். கவிதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கூட்டத்துக்கு நடுவே உரக்கப் படித்தவர்கள். ஸ்னைடர் 1962 தொடக்கத்தில் இலங்கை வழியாக வந்து நம் தமிழ்நாட்டைக் கடந்து வடக்கே போனார். கின்ஸ்பெர்க் அதே ஆண்டு பம்பாயில் வந்து இறங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் இருந்தார். கல்கத்தாவில் சுனில் கங்கோபாத்யாய், சக்தி சட்டோபாத்யாய் போன்ற வங்கக் கவிஞர்களோடு பழகினார். காசியில் படித்துறைக்கு அருகே மாதக்கணக்கில் தங்கினார். அவர்களுடைய வாழ்க்கை முறை முழுவதையும் இந்த மேடையில் நான் போற்றவில்லை. ஒரு விஷயத்துக்காகத்தான் கின்ஸ்பெர்க்கை இங்கே அழைத்து வந்தேன்.

கின்ஸ்பெர்க் கவிஞர் மட்டுமல்ல, படமும் எடுத்தார். 1953இல் நியூயார்க்கில் அடகுக்கடை ஒன்றில் 13 டாலருக்கு வாங்கிய பழைய கோடாக் ரெட்டினா. தன் சிநேகிதர்களை எடுத்தார். கடையில் கொடுத்துச் சின்னச் சின்னப் பிரிண்டாகப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டு ஆல்பம் மாதிரிதான். பிறகு கேமராவை மறந்தார், நெகட்டிவ்கள் பல்கலைக்கழக ஆவணப் பெட்டியில் கிடந்தன. முப்பது வருஷம் கழித்து 1980களில் அவற்றைத் திரும்பப் பார்த்தார். அதற்குள் கெரொவாக் இறந்துவிட்டிருந்தார், வேறு சிலரும் போய்விட்டார்கள். அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே அகலமாக வெள்ளை ஓரம் விட்டு, அதில் தன் கையெழுத்திலேயே எழுதினார். இவர் யார், எந்தத் தெரு, எந்த மாதம், அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று.

கெரொவாக் ஒரு வீட்டின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் நிற்கும் படம் ஒன்று உலகப் புகழ்பெற்றது. கோட்டுப் பையில் ஏதோ ஒரு சிறு புத்தகம் துருத்திக்கொண்டிருக்கிறது. நானோ நீங்களோ பார்த்தால் கவிதை நோட்டு என்றுதான் நினைப்போம். அது ரயிலில் பிரேக் போடும் ஊழியருக்கான விதிப் புத்தகம் என்று கின்ஸ்பெர்க் கீழே எழுதிவைத்திருக்கிறார். கெரொவாக் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த மனிதரின் சோற்றுக் கதை படத்திலிருந்து போயிருக்கும். எந்த லென்ஸாலும் அதைச் சொல்ல முடியாது.

அவர்களுடைய நினைவுக் கூட்டங்களையும் கவனித்துப் பார்த்திருக்கிறேன், புத்தகங்களில்தான். 1965 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை வாசலில் கவிஞர்கள் கூடி நின்றபோது லாரி கீனன் என்ற இளைஞர் எடுத்த படத்தைக் கடைசிக் கூடல் என்கிறார்கள். அந்தக் கடையை நடத்திய ஃபெர்லிங்கெட்டி 101 வயதில் 2021 பிப்ரவரியில் இறந்தார். அதே வாசலில் மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். ஒரே வாசல், இரண்டு படம், நடுவில் ஐம்பத்தைந்து வருஷம். கெரொவாக்கின் சொந்த ஊரான லோவெல் ஒரு பஞ்சாலை ஊர். எங்கள் கோவில்பட்டி மாதிரி. 1988இல் அங்கே அவருக்கு நினைவிடம் அமைத்தார்கள். சிலை வைக்கவில்லை. கருங்கல் தூண்களை நட்டு அவற்றில் அவர் எழுதிய பத்திகளைச் செதுக்கினார்கள். வருஷந்தோறும் அக்டோபரில், அவர் இறந்த மாதத்தில், ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள்.

அந்தத் தூண்களின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் காயல்தான் ஞாபகம் வந்தது. முகத்தை விட்டுவிட்டுச் சொல்லைக் கல்லில் வைக்கிற வழக்கத்தை நான் இந்த ஊர் மையவாடிகளில்தான் முதலில் கண்டிருந்தேன். அரபு எழுத்துகள் ஓடும் பழைய மீசான் கற்கள்.

நான் காயலுக்கு முதன்முதலாக வந்தது 1985 வாக்கில். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். தெருத் தெருவாகக் காட்டினேன். இருவர் தெரியும் போலிருக்கிறது என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். ஒருவர் சாயலைச் சொல்லி ஒரு வீட்டைக் காட்டினார், அந்த வீட்டுக்காரர்கள் கொழும்பில் இருந்தார்கள். அலைந்து களைத்தவனை ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அன்றைக்கு அங்கே புகழ்ப்பாட்டு ஓதும் மௌலிது. நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி மற்ற மூன்று பேரோடு என்னையும் அமர்த்திச் சோறு போட்டார்கள். ஓதுகிற குரல்கள் ஏறி இறங்கி ஒன்றாகச் சேர்ந்தபோது கை என்னை அறியாமல் பைக்குள் போய்க் கேமராவை எடுத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையை மெதுவாகப் பிடித்தார்.

"அந்தப் பெட்டி உள்ளேயே இருக்கட்டும் தம்பி. கேளுங்க."

அதில் கோபம் இல்லை. விருந்தாளியிடம் சொல்கிற இதமான குரல்தான். வைத்துவிட்டேன். கேட்டேன். கேமரா இல்லாமல் ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்தது பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அங்கே ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெரியவரே என்னைப் பிறகு ரஜபு மாதத்தில் நபிமொழித் தொகுப்பான புகாரி ஷரீஃபு ஓதும் சபைக்கு வரச் சொன்னார். முப்பது நாள் ஓதுகிறார்கள் என்றார். ஒரு நாள் வந்து ஓரமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஹதீஸுக்கு முன்னாலும் வரிசையாகப் பெயர்கள் வந்தன. இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று. சொன்ன சொல்லுக்கு முன்னால் அதைச் சுமந்து வந்தவர்களின் பெயர். அந்தச் சங்கிலியை இஸ்னாது என்று அழைப்பதாகவும், அதில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அந்தச் சொல்லின் நிலையே வேறு என்றும் பெரியவர் எனக்கு விளக்கினார்.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. என் டிரங்குப் பெட்டியில் அன்றைக்கே மூவாயிரம் நெகட்டிவ் இருந்திருக்கும். இஸ்னாது இல்லாத மூவாயிரம் முகங்கள். இவர் யார் என்று கேட்டால் எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாததை என் பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன்?

உங்கள் ஊர்ப் புலவர்களை உங்கள் ஊர் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். சதக்கத்துல்லா அப்பா, 1632இல் இந்த ஊரில் பிறந்தவர். உமறுப் புலவருக்கு வரலாற்றுப் பொருள் கேட்டுப் போகும் இடமாக இருந்தவர். கீழக்கரையில் அடக்கம். பாளையங்கோட்டைக் கல்லூரியின் பெயரில் இன்றைக்கும் பிள்ளைகள் வாயில் ஒலிக்கிறார். அவர் மாணவர் காசிம் புலவர், அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்திலேயே நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடியவர். அவர் மூக்கு எப்படி இருக்கும், உயரமா குட்டையா, எவருக்கும் தெரியாது. ஆனால் சந்தம் தெரியும். அவர் நாக்கு எந்த இடத்தில் துள்ளியது, எந்த இடத்தில் நின்றது என்பது, பாடுகிறவர் எவராக இருந்தாலும் அவர் நாக்கிலும் அப்படியே நடக்கிறது. மனிதனின் உடம்பில் ஒரு பகுதியையே பத்திரப்படுத்திவைத்தது போல. இதைப் புகைப்படம் செய்யாது.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தை முடிக்கவில்லை. நபிகள் நாயகத்தின் வாழ்க்கை முழுவதையும் சொல்வதற்குள் நின்றுவிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பாடியும் மீதி இருந்தது. அந்த மீதியைச் சின்ன சீறா என்று பாடியவர் பனீ அகமது மரைக்காயர், இந்த ஊர்க்காரர். ஏட்டில் இருந்த சீறாவை 1842இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம், புலவர் நாயகம் என்று நீங்கள் போற்றுகிறவர், அவரும் இந்த ஊர்க்காரர். ஒரு கவிஞருக்கு நினைவு விழா எடுப்பது என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்? அவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் பாடுகிறார். புலவர் பாடியதை ஒருவர் அச்சுக்கோக்கிறார். அந்த அச்சின் வழிவந்த ஏதோ ஒரு பதிப்பைத் துணியில் சுற்றி ஒருவர் எட்டயபுரத்துக்கு எடுத்துவந்து, அந்தப் புலவரின் படியில் உட்கார்ந்து பிரிக்கிறார்.

அந்தப் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உமறுப் புலவரின் அடக்கத்தலத்தில் 1912இல் நினைவு மண்டபம் எழுப்பியவர் பிச்சையாக் கோனார். முஸ்லிம் புலவர் ஒருவருக்கு ஒரு கோனார் மண்டபம் கட்டியிருக்கிறார். பாரதி மணிமண்டபத்துக்கு முப்பத்தைந்து வருஷம் முந்தியது இது. அரசாங்கம் உமறுப் புலவருக்கு மணிமண்டபம் கட்டித் திறந்தது 2007இல்தான். பிச்சையாக் கோனாரின் படம் ஒன்று எங்காவது இருக்குமா என்று தேடியிருக்கிறேன். என் கைக்குக் கிடைக்கவில்லை. பெயர் கிடைத்ததே, அது போதும் என்று இப்போது நினைக்கிறேன். படம் கிடைத்து, பெயர் போயிருந்தால் யாரோ ஒரு மீசைக்காரர் என்று புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

எங்கள் வட்டாரத்தில் நினைவு விழாக்களுக்குக் குறைவில்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 2021 மே மாதம் புதுச்சேரியில் மறைந்து, சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையோடு அடக்கமானார். கொரோனாக் காலம். அடுத்த ஆண்டே கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் திறந்தார்கள். அவரைப் புதுவை இளவேனில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த வெளிச்சத்தை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகள் நடத்திய காலத்தில், அருவிச் சத்தத்துக்கு நடுவே கவிஞர்கள் கூடிச் சண்டையிட்டுச் சமாதானமானதை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

இப்போது எல்லார் கையிலும் கேமரா. ஒரு விழாவில் ஐந்நூறு பேர் இருந்தால் ஐயாயிரம் படம். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். மேடையை விட்டுக் கூட்டத்தை எடுக்க வேண்டும் என்று நான் முப்பது வருஷம் கத்தியதை இந்தப் பிள்ளைகள் சொல்லாமலே செய்கிறார்கள். தன் முகத்தோடு பக்கத்து முகத்தையும் எடுக்கிறார்கள். ஆனால் ஐயாயிரம் படத்துக்கும் முதுகு இல்லை. பிரிண்ட் போட்டால்தானே முதுகு, முதுகு இருந்தால்தானே எழுத. போன் கெட்டுப்போகிறது, கணக்கு மூடிப்போகிறது. ஓர்வோ நெகட்டிவில் பூஞ்சை ஏறி, ஓரம் தின்று, நடுவில் முகம் மட்டுமாவது மிஞ்சும். இதில் எதுவும் மிஞ்சாது.

ஆகையால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கும் பழைய படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். கொழும்பு, கல்கத்தா, ஹாங்காங், மலாயா என்று உங்கள் வாப்பாமார் தொழிலுக்குப் போன ஊர்களிலிருந்து வந்த படங்கள் இருக்கும். சில வீடுகளில் படம் வைப்பதில்லை, அதை நான் மதிக்கிறேன், அந்த வீடுகளில் கடிதங்களும் நோட்டுப் புத்தகங்களும் இருக்கும். எதுவானாலும் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கொண்டுபோய் உட்காருங்கள். வாப்புமா நினைவோடு இருக்கும்போதே கேளுங்கள். இது யார்? எந்த ஊர்? யார் கல்யாணம்? பையில் என்ன வைத்திருக்கிறார்? இந்தப் படத்தை எடுத்தவர் யார்? இந்தச் சேதியை உங்களுக்குச் சொன்னவர் யார்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்ததே உங்கள் சபைதான்.

எழுதும்போது பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முன்பக்கம் முகத்தில் தெரியும், ஈரம் பட்டால் பரவும். மிருதுவான பென்சிலால், படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் போட்டு, அழுத்தாமல், முகங்கள் இல்லாத ஓரமாகப் பார்த்து எழுதுங்கள். கடற்கரை ஊர், காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் ஈரம் உள்ளே சிக்கி, படம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. சாதாரணக் காகித உறை, காற்றோட்டமான மேல்தட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் ஆறவைப்பது. அவ்வளவு போதும். நெகட்டிவ் இருந்தால் குப்பைக்குப் போட்டுவிடாதீர்கள். வெள்ளி எடுப்பதற்காகக் கிலோ கணக்கில் நெகட்டிவ் வாங்கிப்போன வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஊர் ஊராக ஸ்டூடியோக்கள் மூடியபோது எத்தனை கல்யாணங்கள், எத்தனை முகங்கள் அமிலத்தில் கரைந்தன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கும்.

நேரமாகிறது. இந்தப் படத்தை எடுக்கிறேன். இதோ.

1982 டிசம்பர். எட்டயபுரம், உமறுப் புலவர் மண்டபத்துப் படி. மழை விட்ட வெளிச்சம், சாயங்காலம் நாலு மணி இருக்கும். இடது ஓரத்தில் இருப்பவருக்கு அப்போது என் வயது. இன்றைக்கு இருந்தால் அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். இந்தப் பந்தலிலேயேகூட இருக்கலாம். நடுவில் இருப்பவர் இடது கையில் கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார், அப்படிக் கட்டும் பழக்கம் யாருக்கு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரியவரின் வலது புருவத்தில் ஒரு தழும்பு. மார்போடு பிடித்திருக்கும் புத்தகத்தின் அட்டை மேல்மூலையில் கிழிந்து, துணி ஒட்டித் தைத்திருக்கிறது. அந்தப் புத்தகம் இன்னும் ஏதாவது ஒரு வீட்டில் இருந்தால், அந்தத் தையலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பின்பக்கத்தில் இடத்தையும் நாளையும் எழுதிவைத்திருக்கிறேன். எடுத்தவன் பெயரையும் எழுதிவிட்டேன். நடுவில் மூன்று வரி காலியாக விட்டிருக்கிறேன். படம் இந்த மேசையில் இருக்கும், இஷா முடிந்தும் நான் இங்கேதான் இருப்பேன். அந்தப் பக்கம் பெண்கள் பகுதிக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்தனுப்பியிருக்கிறேன், உம்மாமார்கள் நிதானமாகப் பாருங்கள். பென்சில் பக்கத்திலேயே இருக்கிறது.